இரண்டு பூட்டுப் போட்ட கோயில்

நாவலடிக்குறிச்சிக் கோயில் கதவில் இரண்டு பூட்டுகள் தொங்கின. இரண்டும் திண்டுக்கல் பூட்டு. சேரன்மகாதேவியில் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கியவை. ஒன்றின் சாவி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஞானையாவின் சட்டைப்பையில் இருந்தது. மற்றதன் சாவி அவருடைய மைத்துனன், உரக்கடை அருமைநாயகத்தின் இடுப்புவாரில் தொங்கியது. இந்தச் சாவிகளுக்கு நடுவில் நேசம்மாள் இருந்தாள். ஒரு சாவிக்காரருக்கு மனைவி, மறு சாவிக்காரனுக்குக் கூடப்பிறந்த அக்கா.

கோயில் என்றால் வேதக்கோயில். தாமிரபரணிக் கரையில் கிறிஸ்தவர்கள் அப்படித்தான் சொல்லுவார்கள். குருவானவரையும் ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாவலடிக்குறிச்சிக் கோயில் அப்படியொன்றும் பெரிதில்லை. ஆனால் கீழத்தெருவின் கோடியில், மேட்டில் நின்றது. முன்னால் தூண் வைத்த முகப்பு, அதற்கு ஏறப் படிகள். உள்ளே மரப்படி ஏறிப் போனால் ஒரு மாடி. மாடிக்குக் கீழே மணிக்கயிறு. வாசல் வளைவின் மேல் நீல எழுத்தில் ஒரு வசனம், பாரம் சுமக்கிறவர்களை எல்லாம் உள்ளே வரச் சொல்லுகிற வசனம்.

சண்டை எதற்கு வந்தது என்று கேட்டால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. முகப்பைப் புதுப்பித்தார்கள். புதுப்பித்ததற்கு ஒரு கல்வெட்டு வைத்தார்கள். அதில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று ஆரம்பித்தது. கமிட்டித் தேர்தலில் அது வளர்ந்தது. அறுப்பின் பண்டிகையன்று காணிக்கையாக வந்து ஏலத்துக்கு வைத்திருந்த பூசணிக்காய்கள் கோயிலுக்குள்ளேயே பறந்து, ஒருவருக்கு மண்டை உடைந்து, போலீஸ் வந்தது. அதிகாரிகள் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுச் சமாதானக் கூட்டம் போட்டார்கள். வழக்கு முடியும்வரை கோயிலைப் பூட்டி வைப்பது, ஆளுக்கு ஒரு பூட்டு, ஒருவர் இல்லாமல் மற்றவர் திறப்பதில்லை. இப்படிக் கையெழுத்தானது. எவர் பூட்டு முதலில் கழலுகிறதோ அவர்தான் ஒப்பந்தத்தை மீறியவர், வழக்கு அவருக்கு எதிராகத் திரும்பிவிடும் என்று வக்கீல்கள் இரண்டு பக்கமும் சொல்லி வைத்திருந்தார்கள்.

அதிலிருந்து ஞானையா தரப்பு அவர் வீட்டு மாடியில் ஞாயிறு ஆராதனை நடத்தியது. அருமைநாயகம் தரப்பு உரக்கடைக் கிட்டங்கியில் மூட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நடத்தியது. இரண்டு இடத்திலும் ஒரே பாட்டுகள்தான். காற்று திரும்பினால் இங்கே பாடுவது அங்கே கேட்கும். அப்போது இன்னும் சத்தமாகப் பாடுவார்கள்.

இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஞானையா தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் ஒன்று காய்ச்சலில் கிடந்தாலும் அந்த வீட்டில் போய் உட்கார்ந்து ஜெபித்துவிட்டுத்தான் வருவார். கொரோனா நேரத்தில் தொடப் பயந்த பிணங்களை உர மூட்டை ஏற்றும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவன் அருமைநாயகம். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருந்தவர்கள்தான். அத்தான் வாங்கிக் கொடுத்த சைக்கிளில்தான் தம்பி கல்லூரிக்குப் போனான். அந்தப் பாசம் அப்படியே திரும்பி நின்றுகொண்டது. ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

நேசம்மாளுக்குக் கோயிலில் ஒரு வேலை இருந்தது, பிடியரிசி வாங்குவது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனியே ஒரு டப்பாவில் போட்டு வைப்பது அந்த ஊர்ப் பெண்களின் வழக்கம். நேசம்மாள் வாரம் ஒருதரம் பையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அதை வாங்கி வருவாள். கோயில் பூட்டிய பிறகும் அவள் போய்க்கொண்டுதான் இருந்தாள். இரண்டு தரப்பு அரிசியும் அவள் பைக்குள் ஒன்றாகவே கிடந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

கீழத்தெருவில் சபையைச் சேராத ஒரு வீடும் அந்த அரிசியைக் கொடுத்தது. சுடலைவடிவின் வீடு. சின்ன வயதிலிருந்து நேசம்மாளின் வயலில் களை எடுத்தவள், நாற்று நட்டவள், அவள் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டவள். புருஷன் மணிராஜ் லாரி ஓட்டினான். கல்யாணமாகி ரொம்பக் காலம் கழித்துப் பிறந்த ஒரே மகள் முத்துராணி, ஒன்றாம் வகுப்பு. சாமி எல்லாம் ஒண்ணுதான பெரியம்மா, எங்க வீட்டுப் பிடியையும் போட்டுக்கிடுங்க என்று சுடலைவடிவு அவளாகவே ஒரு டப்பா வைத்துவிட்டாள். நேசம்மாளுக்கு அவளை ஒருநாள் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்க வேண்டும் என்று ஆசை. கூப்பிடும்போதெல்லாம் அவள் சிரிப்பாள். ஒருநாள் வாரேன் பெரியம்மா, எங்கன போயிரப் போவுது உங்க கோயிலு என்பாள்.

அந்த மார்கழியில் மழை பெய்ததே, நினைவிருக்கிறதா. சனிக்கிழமை பிடித்தது, விடவே இல்லை. ஞாயிறு மத்தியானம் ஆற்றுக்கும் வயலுக்கும் எல்லை தெரியவில்லை. அணைகளைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்த கொஞ்ச நேரத்தில் வாய்க்கால் உடைப்பெடுத்துக் கீழத்தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. மேலத்தெருவுக்கு ஒன்றும் இல்லை. அங்கே ஞானையா வீட்டு மாடியில் ஆராதனை முடிந்து, மழைக்காக விசேஷ ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது. நேசம்மாள் கீழே எல்லாருக்கும் கட்டன்காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் போன் வந்தது.

"பெரியம்மா, பாலம் முங்கிட்டு. வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டு" என்றாள் சுடலைவடிவு. "இவரு வேற தூத்துக்குடிக்கு லோடு ஏத்திட்டுப் போயிருக்காரு. பள்ளிவாசல்ல மதரஸாவத் தொறந்து விட்டிருக்காவளாம். மீரான் அண்ணாச்சி டிராக்டர் அனுப்பியிருக்காரு, தெருமுனைல நிக்குது. நானும் பிள்ளையத் தூக்கிட்டு ஏறிரட்டா?"

நேசம்மாள் ஒரு நிமிடம் யோசித்தாள். பள்ளிவாசல் மேற்குக் கோடியில், வயலைச் சுற்றிப் போக வேண்டும். கோயில் சுடலைவடிவின் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இது ஒரு கணக்கு. இன்னொரு கணக்கும் அவள் மனதுக்குள் ஓடியது, அதைப் பிற்பாடுதான் அவள் தனக்கே ஒப்புக்கொண்டாள். இத்தனை வருஷம் கூப்பிட்டும் வராதவள் இன்றைக்காவது வரட்டுமே என்று ஒரு சின்னச் சந்தோஷம்.

"ஏட்டி, டிராக்டர்ல நெருக்கியடிச்சு அந்த வெள்ளத்துக்குள்ள ஏன் போற? கோயிலு பக்கத்துலதான இருக்கு. மேடு. மாடியும் இருக்கு. அங்கன போ."

"பூட்டில்லா கெடக்கு."

"பூட்டு மனுசன் போட்டதுதான. உசுருக்குன்னா திறக்க மாட்டாவளா? நீ போ, நான் சாவியக் கொண்டாரேன்."

சரி பெரியம்மா என்று சுடலைவடிவு போனை வைத்தாள். தெருமுனைக்குப் போகவிருந்த இன்னும் சிலரும், கோயில் திறக்கிறார்களாம் என்று அவள் சொன்னதைக் கேட்டு அவள் பின்னாலேயே திரும்பினார்கள். டிராக்டர் பாதி ஆளோடு போய்விட்டது.

நேசம்மாள் மாடிக்கு ஏறினாள். எல்லாரும் முழங்காலில் இருந்தார்கள். ஞானையா கண்ணை மூடிக்கொண்டு, தாழ்ந்த இடங்களில் இருக்கிற ஜனங்களைக் கர்த்தர் தமது செட்டைகளின் கீழே மறைத்துக்கொள்ள வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டிருந்தார். ஜெபத்தை முறித்து அவளுக்குப் பழக்கமில்லை. ஆமென் வரும்வரை காத்து நின்றாள். அந்த ஆமென் வர வெகுநேரம் ஆனது.

விஷயத்தைச் சொன்னாள். ஞானையாவின் முகத்தில் பதற்றம் நிஜமாகவே வந்தது. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார்.

"நான் எப்ப மாட்டேன்னேன் நேசம்? இப்பவே திறக்கேன். அவன் வரட்டும், ரெண்டு பேரும் சேந்து திறப்போம். நான் முந்திக்கிட்டுத் திறந்தா இந்தச் சனத்துக்கு நாளைக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

சார்வாள் சொல்லுதது நியாயந்தான் என்றார் ஒருவர். அருமைநாயகத்துக்கு ஆள் அனுப்பலாம் என்றார் இன்னொருவர். யாரை அனுப்புவது என்பதில் ஒரு பேச்சு எழுந்தது. நேசம்மாள் அதற்குமேல் நிற்கவில்லை. குடையும் எடுக்காமல் உரக்கடைக்கு ஓடினாள். ஓட்டம் மறந்துபோன கால்கள்.

அங்கேயும் கூட்டம் இருந்தது. அருமைநாயகம் அக்காவைக் கண்டதும் துண்டை எடுத்துக் கொடுத்து, தலையைத் துவட்டு முதல்ல என்றான். அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டான். கண்கூடக் கலங்கியது.

"அத்தான் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கட்டும் யக்கா. அருமை, திறப்போம்டேன்னு ஒரு வார்த்தை. சாவி என்ன சாவி, கதவையே கழத்தி விடுதேன்."

நேசம்மாள் போனை எடுத்து வீட்டுக்குப் போட்டாள். ஞானையா எடுத்தார். தம்பி பக்கத்துல நிக்கான், பேசுங்க என்று சொல்லிவிட்டு, சத்தம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்துப் போனைத் தம்பியிடம் கொடுத்தாள். அருமைநாயகம் அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான். அவர் பேசட்டும் என்று இவன் இருந்தான். இவன் பேசட்டும் என்று அவர் இருந்தார். போனுக்குள் மழை பெய்துகொண்டிருந்தது, கிட்டங்கித் தகரத்தின்மேலும் மழை பெய்துகொண்டிருந்தது. ஞானையா ஒருதரம் செருமினார். அருமைநாயகம் உதட்டை நனைத்துக்கொண்டான். அவ்வளவுதான். பிறகு டவர் போய்விட்டது. அந்த நாளில் அதற்கப்புறம் அந்த ஊரில் எந்தப் போனும் வேலை செய்யவில்லை.

நேசம்மாள் தம்பியை ஒருமுறை பார்த்தாள். தாய் செத்த பிறகு தூக்கி வளர்த்த தம்பி. அவன் காலடியில், உரம் சிந்திக் கிடந்த சிமெண்டுத் தரையில் அப்படியே விழுந்தாள்.

அருமைநாயகம் தீயை மிதித்தவன்போலப் பின்னால் போனான். "யக்கா, என்ன காரியம் பண்ணுத, எந்திரி, எந்திரி" என்று சொல்லிக்கொண்டே இடுப்பில் கை வைத்துச் சாவியைப் பிய்த்தெடுத்து அவள் கையில் திணித்தான். அவளோடு புறப்படவும் செய்தான். கூட இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். நீங்க போனா நாமதான் திறந்ததா ஆயிரும் அண்ணாச்சி, அக்கா எடுத்துட்டுப் போனா அது வேற கதை. அவன் பாதி வாசலில் நின்றுவிட்டான்.

மறுபடியும் வீடு. ஞானையா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். தம்பியின் சாவியை அவள் நீட்டிக் காட்டியதும், அவன் குடுத்துட்டானா, குடுத்துட்டானா என்று இரண்டு தரம் கேட்டார். தன் சாவியை எடுத்தார். அவள் உள்ளங்கையில் வைத்தார். வைத்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

"அவன் பூட்டை முதல்ல திற. அப்புறமா என்னத. மறந்துராத நேசம்."

கோயில்பிள்ளை எபி அங்கேதான் நின்றான். மணி அடிப்பதும் கோயிலைப் பெருக்குவதும் அவன் வேலை. கோயிலைப் பூட்டிய பிறகு கொத்தனாருக்குக் கையாளாகப் போய்க்கொண்டிருந்தான். அவன் ஒரு கயிற்றை எடுத்துத் தன் இடுப்பிலும் நேசம்மாள் இடுப்பிலும் கட்டினான். வாய்க்கால் கரைமேல் தண்ணீர் புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மரமாகப் பிடித்துப் பிடித்து இருவரும் போனார்கள். வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. நேசம்மாள் சாவிகளை வாயில் கவ்விக்கொண்டிருந்தாள். ஒன்றோடொன்று இடித்து அவை பல்லில் கிடுகிடுத்தன.

கோயில் மேடு மேடாக இல்லை. படிகளைக் காணோம். முகப்புத் தூண்கள் தண்ணீருக்குள்ளிருந்து நேராக முளைத்து நின்றன. பக்கத்துச் சுவரில் ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வௌவால் மாதிரித் தொங்கினார்கள். யாரும் கத்தவில்லை. கத்தி ஓய்ந்திருந்தார்கள்.

கதவில் நெஞ்சளவு தண்ணீர். எபி முங்கிக் கையால் தடவிப் பூட்டுகளைக் கண்டுபிடித்தான். எந்தச் சாவி யாருடையது என்று நேசம்மாளுக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே அச்சு. ஒன்றைக் கொடுத்தாள், சேரவில்லை. மற்றதைக் கொடுத்தாள், அது சேர்ந்தது. எது முதலில் கழன்றது என்று கடைசிவரை யாராலும் சொல்ல முடியவில்லை. கதவு உப்பிப் போய் இறுகியிருந்தது. இருவரும் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். கதவு விட்டதும் தண்ணீர் அவர்களை உள்ளே தூக்கி எறிந்தது.

உள்ளே பீடம் நனையாமல் இருந்தது. உயரமாகக் கட்டிய பீடம், வெள்ளை விரிப்பு, பித்தளைச் சிலுவை. எல்லாம் வைத்தது வைத்தபடி, தூசி மட்டும் படிந்து. அதைப் பார்த்தபோது நேசம்மாளுக்கு ஒன்று தோன்றியது. கர்த்தர் இதற்குள் இருந்திருக்க முடியாது. இரண்டு பூட்டுப் போட்டிருந்ததே.

எபி ஒவ்வொருவராகக் கம்பியிலிருந்து பிரித்து உள்ளே கொண்டுவந்து மாடியில் ஏற்றினான். கடைசி ஜன்னலில், உயரத்தில், முத்துராணி இருந்தாள். அவளைக் கம்பியோடு சேர்த்து ஒரு சேலையால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது. பச்சையில் மஞ்சள் கரை போட்ட சேலை. போன கிறிஸ்துமஸுக்கு நேசம்மாள் எடுத்துக் கொடுத்தது. அதன் கீழே ஜன்னலில் யாரும் இல்லை.

பக்கத்துக் கம்பியில் தொங்கியவன் சொன்னான். இப்பந்தான் பெரியம்மா, இந்தா இப்பந்தான் இருந்தா. உடுத்தியிருந்ததை அவுத்துப் பிள்ளையக் கட்டிட்டு ஒத்தக் கையில பிடிச்சிக்கிட்டு நின்னா. ஒரு மரம் வந்து இடிச்சிது. அவன் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

நேசம்மாளும் எபியின் கயிற்றைப் பிடித்து அங்கே போய் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். நனைந்து இறுகிய முடிச்சு, பல்லால்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. பிள்ளை அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு கழுத்தைத் திருப்பி, கீழே, இருண்டு ஓடுகிற தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்.

"எம்மா, பெரியம்மா வந்துட்டாவ."

ஞானையாவும் அருமைநாயகமும் பிற்பாடு வந்தார்கள். இரண்டு தரப்பும் வந்தது. லாரி டியூபும் கயிறுமாக வந்து, விடிய விடிய நின்று, எல்லாரையும் கரை சேர்த்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தண்ணீர் வடிந்த பிறகு, ஆற்றின் போக்கில் கீழே ஒரு வாழைத்தோட்டத்தில் சுடலைவடிவு கிடைத்தாள். மணிராஜ் தூத்துக்குடியிலிருந்து அறுந்து கிடந்த ரோடுகளில் நடந்தே வந்து சேர்ந்திருந்தான். மேட்டுப் பொத்தை இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். ஊரே வந்தது. ஞானையா மாலை வாங்கி வந்தார், அருமைநாயகம் குழி வெட்ட ஆள் வைத்தான். மணிராஜ் யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நேசம்மாளை மட்டும் பார்க்கவில்லை. அவள் எந்தப் பக்கம் நின்றாளோ அந்தப் பக்கம் அவன் முகம் திரும்பவில்லை.

அன்று சாயந்திரம் நேசம்மாள் புருஷனிடம் ஒன்று கேட்டாள். சுடலைவடிவுக்குத் துக்கமணி அடிக்க வேண்டும். அந்த ஊரில் யார் இறந்தாலும் இறந்தவரின் வயதுக்கு ஒன்றாக, நிறுத்தி நிறுத்தி ஒற்றை மணி அடிப்பது வழக்கம். அது சபையாருக்குத்தான நேசம், ஒரு முறைன்னு இருக்குல்லா என்றார் ஞானையா. அவர் குரலில் கடுமை இல்லை. களைப்புதான் இருந்தது.

"அவ பிடியரிசிய இந்தச் சபை சாப்பிட்டிருக்கு" என்றாள் நேசம்மாள். "அப்ப முறை பாக்கலையே."

அன்று மணி அடிக்கவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் வந்தது. கோயிலை இரண்டு தரப்பும் சேர்ந்து கழுவியது. மண்ணை வாரிக் கொட்டி, பெஞ்சுகளைத் தேய்த்து, வெள்ளையடித்து, காகித நட்சத்திரம் கட்டியது. பூட்டுகளை யாரோ கழற்றி எறிந்துவிட்டார்கள். வழக்கை வாபஸ் வாங்குவதாகப் பேச்சு. அத்தானும் மைத்துனனும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்து அழுதார்கள், பார்த்துக்கொண்டிருந்த எல்லாரும் அழுதார்கள். கல்வெட்டைப் பெயர்த்துவிடலாம் என்று இருவருமே சொன்னார்கள். இந்த நாளுக்காக நேசம்மாள் எத்தனை ராத்திரி முழங்காலில் நின்றிருப்பாள். வந்தபோது அவளால் அழ முடியவில்லை.

கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் ஐயர் சமாதானத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பிறகு சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்றார். ஞானையா எழுந்து முன்னால் போனார். அருமைநாயகத்தையும் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். மைக்கை வாங்கிக்கொண்டார்.

"எங்களால செய்ய முடியாதத கர்த்தர் செஞ்சாரு. இந்த வெள்ளத்தக் கொண்டு எங்க ரெண்டு பேரையும் ஒண்ணாச் சேத்துட்டாரு."

ஆமென் என்றது சபை. நெஞ்சிலிருந்து வந்த ஆமென்தான். சில பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நேசம்மாள் பெண்கள் பக்கத்தில், கடைசி ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கம்பிகளுக்கும் வெள்ளையடித்திருந்தார்கள். ஒரு கம்பி மட்டும் லேசாக வளைந்திருந்தது. அவள் எழுந்தாள். வெளியே போகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். அவள் மாடிக்குக் கீழே, கயிற்றின் பக்கத்தில் நின்ற எபியிடம் போய்க் கையை நீட்டினாள். எபி அவளைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் கயிற்றைக் கொடுத்தான்.

மணி ஒருதரம் அடித்தது. ஒரு மூச்சு விட்டு, இன்னொருதரம்.

துக்கமணி என்று சிறு பிள்ளைக்கும் தெரியும். ஞானையா சாட்சியை நிறுத்தினார். ஐயர் புத்தகத்தை மூடினார். சுடலைவடிவின் வயது நேசம்மாளுக்குத் தெரியாது. ஆதார் அட்டையில் ஒன்று இருந்தது, அவள் ஆத்தா சொன்னது வேறொன்று. அதனால் அவள் எண்ணவில்லை. கை ஓயும்வரை அடித்தாள். மணிச்சத்தம் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும், மேட்டுப் பொத்தைக்கும் போனது. இடையில் யாரும் எழுந்து வந்து தடுக்கவில்லை.

கை ஓய்ந்து அவள் கயிற்றை விட்டபோது ஞானையா பக்கத்தில் வந்து நின்றார். போதும் நேசம், வா, வந்து உக்காரு என்றார்.

"நீங்க ரெண்டு பேரும் சேந்துட்டிய. சந்தோசம்" என்றாள் அவள். "அவ இன்னும் வெளியதான நிக்கா."

பிடியரிசிப் பை எப்போதும்போல மாடிக்குக் கீழே சுவரோரம் இருந்தது. கிறிஸ்துமஸ் என்பதால் நிறைந்து கனத்தது. அதை எடுத்துக்கொண்டு படியிறங்கிக் கீழத்தெருவில் நடந்தாள். சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. எபியா, வேறு யாருமா, ஒருவரா, பலரா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவோம் என்று பயந்தாள்.

மணிராஜ் வீட்டுக்குள் சேற்றை வாரிக்கொண்டிருந்தான். முத்துராணி ஒரு மூலையில், கவிழ்த்த அண்டாவின்மேல் உட்கார்ந்திருந்தாள். நேசம்மாள் வெளியிலேயே நின்றாள். எத்தனையோ தரம் குனிந்து நுழைந்த வாசல்தான். கால் எழும்பவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. வெயில் ஏறியது. மணிராஜ் நிமிரவில்லை, வாரிக்கொண்டே இருந்தான்.

வெகுநேரம் கழித்து, குனிந்தபடியே கேட்டான்.

"அந்த மணி அவளுக்கா?"

"ஆமாய்யா."

அவன் இன்னும் இரண்டு கூடை சேற்றை வெளியே கொண்டுபோய்க் கொட்டினான். அவளைத் தாண்டித்தான் போனான், வந்தான். மூன்றாவது கூடையை எடுக்கும்போது சொன்னான்.

"அங்கனயே ஏன் நிக்கிய பெரியம்மா. உள்ள வாங்க. கதவெல்லாம் ஆத்தோட போயிட்டு."

நேசம்மாள் பார்த்தாள். நிலைச்சட்டம் மட்டும் நின்றது. கீல் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். அவள் குனிந்து உள்ளே போய், அரிசிப் பையைப் பிள்ளையின் பக்கத்தில் வைத்தாள். முத்துராணி நகர்ந்தும் கொள்ளவில்லை, அருகே வரவும் இல்லை. நேசம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் கிடந்த ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்தாள். அடுப்பு இருந்த மூலையில் உட்கார்ந்து, மண்ணைச் சுரண்ட ஆரம்பித்தாள்.